பாதி நுழைந்த பட்டன்

பெயிண்டர் ஏணியிலிருந்து விழுந்த செய்தி வந்தபோது அவர் மனைவி ஒரு கால்சட்டையின் பழைய ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வானம் மூட்டம் போட்டு, காற்று அசையாமல் நின்ற முற்பகல். வீட்டின் முன்னறைதான் அவளுக்குக் கடை. தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு அடியில் தையல் மிஷின். ஜன்னல் கட்டையில் குண்டூசி, சாக்கட்டி, அறுந்த பட்டன்கள் நிறைந்த பிஸ்கட் டப்பா. புதுத்துணி அவள் தைப்பதில்லை. பிடிப்பது, பிரித்து விடுவது, நீளத்தை மடித்து அடிப்பது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது, இவ்வளவுதான். தெருவில் யாருடைய இடுப்பு எவ்வளவு பெருத்திருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒருவர் அளவை இன்னொருவரிடம் வாய் தவறியும் சொன்னதில்லை. அதனாலேயே எல்லோரும் அவளிடம் வந்தார்கள்.

பெரிய கட்டடம் ஒன்றின் படிக்கட்டுச் சுவரில் பெயிண்டர் பட்டி பூசி இழைத்துக்கொண்டிருந்தாராம். ஏணியின் கால் வழுக்கிவிட்டது. தலை படியின் விளிம்பில் மோதியது. கூட வேலை செய்தவர் ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க என்னென்னவோ சொன்னார். "உசுரு இருக்கு அண்ணி" என்றது மட்டும்தான் அவள் காதில் ஏறியது.

அதற்குப் பிறகு அவர் கண் திறக்காமல் கிடந்த வாரங்களில் தெரு அவளைத் தூக்கிச் சுமந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் குளிக்க வரும் நேரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பூட்டைத் திறப்பதற்குள் வாசலில் ஆள் நிற்கும். மாடிவீட்டு பஸ் டிரைவர் யூனிஃபார்மோடு வந்து நிற்பார். மளிகைக்காரர் தராசில் பாதி நிறுத்தது அப்படியே கிடக்க, கடையை விட்டு வருவார்.

"இன்னிக்கு டாக்டர் என்ன சொன்னாரு?"

"விரல் அசைஞ்சுதுன்னு சொன்னாங்க. நான் பாக்கல."

"எந்தக் கை விரல்?"

"இடது கை."

"இடதா? அப்போ மூளையில வலது பக்கம் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்பார் டிரைவர்.

"நீ பஸ்ஸ ஓட்டு. மூளையப் பத்தி டாக்டர் சொல்லட்டும்" என்பார் மளிகைக்காரர்.

அவர்கள் வாதாடிக்கொண்டே இருக்க, யாரோ ஒரு தூக்குச்சட்டியில் சூப்பை நீட்டுவார்கள். யாரோ அவள் புடவையை வாங்கித் துவைத்துப் போடுவார்கள். கட்டிக்கொடுத்த மகள் தூரத்திலிருந்து வந்து கூடவே இருந்தாள். அவளுக்கும் சேர்த்துச் சோறு வந்தது. ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக்கொண்டு தையல்காரி இந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, நாம் என்ன செய்துவிட்டோம் இவர்களுக்கு, நாலு ஜிப் மாற்றிக் கொடுத்திருப்போம் என்று கண் கலங்குவாள்.

ஒருநாள் பெயிண்டர் கண் திறந்தார். பிறகு ஆளை அடையாளம் தெரிந்தது. பிறகு ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து, நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி உள்ளே இறக்கினார்கள். அன்றைக்குத் தெருவே திரண்டு வந்தது. சிலர் அழுதார்கள். மளிகைக்காரர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். "போதும்மா, உசுரு திரும்ப வந்துடுச்சு. இனிமே கவலையில்ல" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

கலைந்தவர்கள் கலைந்தவர்கள்தான்.

அடுத்த வாரம் மகளும் ஊருக்குப் போனாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. ஜன்னலில் பழையபடி கால்சட்டைகளும் சட்டைகளும் வந்தன.

"எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு."

"நல்லது நல்லது. இதுல அரை அங்குலம் பிரிச்சு விடணும். எப்போ வரட்டும்?"

அவ்வளவுதான் பேச்சு.

உண்மையில் உள்ளே நடந்துகொண்டிருந்தது வேறு. பெயிண்டரின் வலது பக்கம் முழுக்க மரத்துக் கிடந்தது. பேச்சு வாய்க்குள்ளேயே குழைந்தது. அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, வெந்நீரில் துணி நனைத்துத் துடைப்பது, பேசினில் வாங்கிக் கொட்டுவது, குழைந்த சோற்றை ஸ்பூனில் ஊட்டுவது, கடைவாயில் தேங்கியதை விரலால் எடுப்பது, இத்தனைக்கும் நடுவில்தான் மிஷினை மிதித்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பயிற்சிக்காரப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: கையை தினமும் வேலை வாங்கவேண்டும், விட்டால் விரல்கள் அப்படியே மடங்கி இறுகிவிடும், அப்புறம் நிமிர்த்துவது கஷ்டம்.

பெயிண்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எத்தனையோ வீட்டுச் சுவர்களைக் கண்ணாடி போல இழைத்த மனிதர், சொந்த வீட்டுச் சுவரில் ஒரு விரிசலையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைத் தொட்டால் இழுத்துக்கொள்வார். கெஞ்சினால் கண்ணை மூடிக்கொள்வார்.

தெருவின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. மனசுக்குள் ஏதோ ஒரு இடம் மட்டும் வெறிச்சென்று கிடந்தது. பிழைப்பாரா என்று தெரியாதபோது அத்தனை பேர் இருந்தார்கள். பிழைத்த பிறகு அவளும் அந்தச் சுவரும்தான்.

ஒரு நாள் விடிந்ததிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. மீன்காரம்மா பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு, மீன் பேசினோடு வந்து வாசலில் ஒதுங்கினாள். அவள் தையல்காரியைவிட மூத்தவள். கனத்த உடம்பு, தெரு முழுக்கக் கேட்கும் குரல். இடுப்பில் கட்டும் ரப்பர் துணியின் நாடா அறுந்திருந்தது.

"இத ஒரு ஓட்டு ஓட்டிக் குடு தங்கச்சி. தம்பி எப்படி இருக்காரு?"

நல்லா இருக்காரு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஒரு பட்டனுக்காகக் காலையிலேருந்து சண்டைக்கா."

"பட்டனா?"

"சட்டைய நானே போடறேன்னு பிடிவாதம். சரின்னு விட்டேன். இடது கையால முடியும். ஆனா வலது கையாலதான் போடுவேன்னு ஒரே அடம். கட்டை விரலும் பக்கத்து விரலும் சேரவே மாட்டேங்குது. எப்படியோ நெஞ்சுக்கிட்ட இருக்கற பட்டன காஜாவுக்குள்ள பாதி நுழைச்சிட்டாரு. மீதி போகல. நான் கை வெச்சேன், தட்டி விட்டுட்டாரு. அப்படியே உக்காந்திருக்காரு."

மீன்காரம்மா பேசினைத் தரையில் இறக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் அப்படியேவா?"

"ஆமாக்கா."

"பாதி உள்ள, பாதி வெளியவா?"

"ஆமா. சாப்பிடவும் இல்ல."

மீன்காரம்மா உள்ளறையை மறைத்த திரைச்சீலையைப் பார்த்தாள். உள்ளே சத்தமில்லை. நாடா தைத்தாயிற்று. மழையும் விட்டது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

"காஜா சின்னதா இருக்குமோ?"

"அதே சட்டைதாங்க்கா, எப்பவும் போடறதுதான்."

"புது பட்டனா?"

"பழசு. வழவழன்னு இருக்கும்."

"அப்போ போகணுமே" என்று மீன்காரம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெருவில் யாரோ மீன் கேட்டுக் கூப்பிட்ட பிறகுதான் மனசில்லாமல் பேசினைத் தூக்கினாள்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறப்பதற்குள் மீன்காரம்மாவின் குரல் கேட்டது.

"தங்கச்சி, அந்தப் பட்டன் என்னாச்சு? ராத்திரி பூரா அதே நெனப்பு."

"போகலக்கா. கடைசில சட்டையத் தலை வழியாக் கழட்டினோம்."

"அடடா!" தன் வீட்டில் ஏதோ கெட்டுப்போனதைப் போல நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இன்னிக்கு மறுபடி போடுவாரா?"

"தெரியலக்கா."

அவள் போனதும் மளிகைக்காரர் ஒரு காரியமும் இல்லாமல் வந்து நின்றார். "மீன்காரம்மா சொன்னாங்க. கழுத்துப் பட்டனா, நெஞ்சுப் பட்டனா?" மத்தியானம் பஸ் டிரைவர் இறங்கி வந்தார். "அண்ணி, பட்டன் பெரிசா இருந்தாத்தான் பிடிக்க வரும். பேசாம ஓவர்கோட் பட்டன் ஒண்ண வெச்சுத் தெச்சு, காஜாவப் பெரிசு பண்ணிடுங்க." அதற்கு, மறுபடி வந்து நின்ற மளிகைக்காரர், "அப்படிப் பண்ணா அவர் மானம் போயிடும். மனுஷன் தானா போடணும்னு நெனக்கறாரு. நடுவுல நீ காஜாவப் பெரிசு பண்றியா?" என்றார். ஜன்னலுக்கு வெளியே அந்த இருவரும் ஒரு பட்டனுக்காக வெகுநேரம் நின்று வழக்காடினார்கள். அவள் மிஷினை மிதிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது. கடைசியாக எப்போது சிரித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளேயிருந்து ஏதோ தரையில் விழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். பெயிண்டர் ஸ்பூனை வீசியிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"எ... என் சட்டை... தெருவுக்கெல்லாம்... ஏன் சொன்ன?"

"மீன்காரக்கா கேட்டாங்க, சொன்னேன்."

"நான்... வேடிக்கையா?"

அவள் ஸ்பூனை எடுத்துத் துடைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீங்க கண்ணு தெறக்காமக் கிடந்தப்போ இதவிட ஜாஸ்தி பேசினாங்க. உங்களுக்குத் தெரியாது. உங்க மூளைய இடது வலதுன்னு பங்கு போட்டாங்க. எனக்குச் சோறு போட்டதே அந்தப் பேச்சுதான். வீட்டுக்கு வந்தீங்க. எப்படி இருக்காருன்னு கேட்டாங்க. நல்லா இருக்காருன்னு சொன்னேன். நானேதான் சொன்னேன். வேற யார் மேலயும் தப்பில்ல. நல்லா இருக்கறவரப் பத்தி அதுக்கு மேல என்ன கேப்பாங்க? எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிட்டாங்க."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தார்.

"திரும்பாதீங்க. இத மட்டும் கேட்டுட்டு அப்புறம் திரும்புங்க. எனக்கு முடியலங்க. உங்களுக்குச் செய்யறது கஷ்டம்னு சொல்லல. செய்யறது யாருக்கும் தெரியாமப் போறதுதான் முடியல. இன்னிக்குக் காலையில அந்தக்கா 'பட்டன் என்னாச்சு'ன்னு கேட்டாங்க பாருங்க, எனக்கு அப்படியே பாதி பாரம் எறங்கிடுச்சு. உங்களுக்கு அசிங்கமா இருந்தா நான் இனிமே சொல்லல. நல்லா இருக்காருன்னே சொல்லிடறேன்."

அவர் திரும்பவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

மறுநாள் விடிந்து அவள் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அதே சட்டையோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. அவள் டீயைக் கையில் வைத்தபடி நின்றாள். மூச்சுகூட விடவில்லை. பட்டன் நழுவியது. மறுபடி பிடித்தார். மறுபடி நழுவியது. பிறகு எப்படியோ வழுக்கிக்கொண்டு உள்ளே போய், மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

அவர் நிமிர்ந்தார்.

"பஸ்காரன்கிட்ட சொல்லு," என்றார், ஒவ்வொரு வார்த்தையாக. "காஜா... சரியாத்தான்... இருக்கு."

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். டிரைவர் முகத்தில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்தார். அரை நாளுக்குள் செய்தி தெருமுனை வரை போய்விட்டது.

அன்றிலிருந்து ஜன்னலில் பேச்சு மாறிப்போயிற்று. யார் கேட்டாலும் அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இன்றைக்கு ஸ்பூன் வாய்வரை போயிற்று, கடைசியில் மூக்கில் இடித்துவிட்டது. இன்றைக்கு எழுந்து நின்றார், ஆனால் வலது முட்டி பின்பக்கமாக வளைந்துவிட்டது. கேட்டவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய் மறுநாள் ஏதாவது ஒன்றோடு திரும்பி வந்தார்கள். மளிகைக்காரர் ஒரு பொட்டலம் கொண்டைக்கடலை கொடுத்து, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் போடச் சொன்னார். டிரைவர் பழைய பஸ்ஸில் கழற்றிய கைப்பிடிக் குழாயை வாங்கிவந்து கட்டிலிலிருந்து வாசல்வரை சுவரில் பொருத்தினார். "இதப் பிடிச்சா பஸ்ஸுல போற மாதிரியே இருக்கும் அண்ணே. டிக்கெட் மட்டும் கேக்கமாட்டேன்" என்றார். பெயிண்டருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரிப்பு வந்தது. மீன்காரம்மா முள் இல்லாத துண்டாகப் பார்த்து எடுத்துவைத்தாள்.

நடுவில் ஒரு சறுக்கலும் வந்தது. வாசற்படியில் கால் தடுக்கிப் பெயிண்டர் முழங்காலில் விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் உடைந்துவிட்டது. பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டார். கடலைக் கிண்ணம் மூடியே கிடந்தது. ஜன்னலில் கேட்டவர்களிடம் அவள், "இன்னிக்கு ஒண்ணும் நடக்கல. நேத்தும் நடக்கல" என்றாள். இதோடு மறுபடி எல்லோரும் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தாள்.

மீன்காரம்மா வியாபாரம் முடிந்து, காலி பேசினோடு வந்து ஜன்னலடியில் உட்கார்ந்தாள். தையல்காரி மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. அவர் வீட்டுக்கு வந்த புதுசுல நீங்ககூட வரலையே?"

மீன்காரம்மா கொஞ்ச நேரம் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் வாடை போயிற்றா என்று பார்க்கிற பழக்கம்.

"நல்லா இருக்காருன்னு சொன்னியே தங்கச்சி. முடிஞ்சு போச்சுன்னு நெனச்சிட்டேன். முடிஞ்ச இடத்துல எனக்கு என்ன வேல? சாமி புண்ணியம்னு சொல்லிட்டுப் போகலாம், அவ்வளவுதான். ஆனா அந்தப் பட்டன் பாதியில நிக்குதுன்னு சொன்ன பாரு, எனக்குக் கையே பரபரன்னு ஆயிடுச்சு. நானே உள்ள போய்த் தள்ளி விட்டுடலாமான்னு இருந்துச்சு."

"இப்போ ஒண்ணுமே நடக்கலையேக்கா."

"அதனால? நீ சொல்லு. விழுந்தப்போ எந்தக் கால முதல்ல வெச்சாரு?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வலது."

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வலதா? ஏன் தம்பி, இடது கால முதல்ல வெச்சா என்ன?" மீன்காரம்மா ஜன்னல் வழியாகவே கத்தினாள்.

கட்டில் கிறீச்சிட்டது. குழாயில் கை உரசும் ஓசை, காலை இழுத்து இழுத்து வைக்கும் ஓசை. திரைச்சீலை விலகியது. பெயிண்டர் குழாயைப் பிடித்துக்கொண்டு வாசற்படி முன் நின்றார். இடது காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். வலது கால் பின்னாலேயே இழுபட்டு வந்தது. மீன்காரம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஒரு சத்தமும் போடாமல் அழுததை அன்றுதான் தையல்காரி பார்த்தாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. பெயிண்டர் ஊன்றுகோலோடு தெருவில் இறங்கிவிட்டார். முதலில் அவர் இறங்கும்போதெல்லாம் கதவுகள் திறந்தன. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பின்னர் அதுவும் குறைந்தது. ஜன்னலில் கேள்விகள் குறைந்தன. பெயிண்டர் வருகிறார், போகிறார், அதில் கேட்க என்ன இருக்கிறது. அவளுக்கு இப்போது அந்த வெறுமை வரவில்லை. மடித்து அடிக்க வேண்டிய கால்சட்டைகள் குவிந்து கிடந்தன. பெயிண்டர் உட்கார்ந்த இடத்தில் தையல் பிரித்துக் கொடுத்தார்.

ஒருநாள் அவரை டீத்தூள் வாங்கி வர அனுப்பினாள். மளிகைக்கடை எட்டினாற்போலத்தான் இருந்தது. ஒரு கால்சட்டை முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. ஆளைக் காணோம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். தெருமுனையில் கூட்டம் வட்டமாக நின்றது. அவள் சட்டென்று எழுந்தாள். ஒரு காலில் செருப்பு மாட்டி, மறுகாலுக்குத் தேடும்போது பெயிண்டர் உள்ளே நுழைந்தார். முகமெல்லாம் வேர்வை. கண்கள் பளபளத்தன.

"என்னங்க ஆச்சு?"

"கடைக்கு மாவு கொண்டாற வேன்... அதுக்குள்ள பூனை குட்டி போட்டிருக்கு. எஞ்சின் பக்கத்துல. வேன்காரனுக்குத் தெரியாது, வண்டிய ஸ்டார்ட் பண்ணப் போயிட்டான். நல்லவேளை மளிகைக்காரருக்குக் கத்தற சத்தம் கேட்டுடுச்சு. மூணு குட்டி எடுத்தாச்சு. ஒண்ணு உள்ள எங்கயோ மாட்டிட்டுக் கத்துது. மீன்காரம்மா மீன் தலையக் காட்டிக் கூப்பிடறாங்க. தாய்ப்பூனைதான் வந்து திங்குது, குட்டி வரல. பஸ்காரன் வண்டிக்கடியில படுத்திருக்கான். யூனிஃபார்மெல்லாம் மாவு."

அவர் இத்தனையும் ஒரே மூச்சில் சொன்னார். வார்த்தைகள் அங்கங்கே இடறின. அவர் நிற்கவில்லை.

"டீத்தூள் எங்க?"

"என்ன டீத்தூள்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்வளவு நேரம் நின்னுட்டே இருந்தீங்களா? யாரும் உங்கள உக்காருங்கன்னு சொல்லலையா?"

"யாரு சொல்லுவா? ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. மளிகைக்காரர் என் கால மிதிச்சிட்டுப் போறாரு. யாருன்னுகூடப் பாக்கல." அதை ஏதோ பரிசு வாங்கியதைப் போலச் சொன்னார்.

"கம்பு எங்கங்க?"

பெயிண்டர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு இடது கையைப் பார்த்தார். இரண்டும் காலியாக இருந்தன.

"வேன் பானெட்டு நிக்கமாட்டேன்னுது. முட்டுக் குடுக்க ஏதாவது வேணும்னான் வேன்காரன். கைல இருந்தது, குடுத்துட்டேன்."

அவள் மிஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். யாருக்கு நன்றி சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பூனைக்கா, பானெட்டுக்கா, காலை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன மளிகைக்காரருக்கா? முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழுவறத அப்புறம் வெச்சுக்க," என்றார் பெயிண்டர். அவர் ஏற்கெனவே வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றார். "சீக்கிரம் வா. நாம போறதுக்குள்ள எடுத்துடப் போறாங்க."

இன்னொரு செருப்பைத் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. இருந்த ஒன்றையும் உதறிவிட்டு, வெயில் காய்ந்த தெருவில் அவரோடு வெறுங்காலில் நடந்தாள். கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை. எல்லோருடைய கண்ணும் பானெட்டுக்கு உள்ளே இருந்தது. பின்னால் வந்து நின்றது யார் என்று பார்க்காமலே மீன்காரம்மா தன் கனத்த உடம்பைச் சற்று நகர்த்தி, இரண்டு பேர் நிற்க இடம் விட்டாள்.